ஒரு படத்தின் பெறுமதி

வீட்டை விட்டு ஓட வேண்டி வந்த நாட்களில் நாம் எதையெல்லாம் கையில் எடுத்தோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், பங்கீட்டு அட்டை. இவற்றோடு அதே பைக்குள் அநேகமான பெண்கள் வைத்த இன்னொரு பொருள் புகைப்படம். அல்பத்தைத் தூக்க முடியாதவர்கள் அதிலிருந்து நாலைந்து படங்களை உரித்தெடுத்துப் பழஞ்சீலைத் துண்டில் சுற்றினார்கள். தையல் மெசினை விட்டோம், சைக்கிளை விட்டோம், ஆட்டை அவிழ்த்துவிட்டு நடந்தோம். படத்தை விட மனம் வரவில்லை.

எல்லோருக்கும் அது வாய்க்கவும் இல்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு அல்பம் தேட நேரமே இருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து மழைக்குள் நடந்தவர்களின் படங்கள் பைக்குள்ளேயே நனைந்தன. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது வீடுகளோடு அல்பங்களும் போயின. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி மாறியவர்கள் கடைசியில் கையில் கொண்டுவந்தது சிலவேளை ஒரேயொரு படம்தான்.

ஆகவே படம் எடுப்பது ஆடம்பரம், வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. அதேவேளை இன்று படம் என்ற பெயரில் எமது வீடுகளில் நடக்கும் செலவுகள் எல்லாம் தேவையானவை என்றும் எனக்குத் தோன்றவில்லை. எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்பதைப் பற்றி என் மனதில் உள்ள சிலவற்றை இங்கே எழுதுகிறேன். நான் விஞ்ஞானம் படித்தவள் அல்ல. கேட்டும் வாசித்தும் செய்து பார்த்தும் அறிந்தவை இவை.

முதலில், படம் என்றால் என்ன? எமது அம்மாமாரின் கலியாணப் படங்களைப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் இருக்கும். ஐம்பது, அறுபது வருடம் போன பின்னும் முகம் தெளிவாகத் தெரியும். ஆனால் எண்பதுகளில் எடுத்த கலர்ப் படங்கள் சிவந்துபோய், எல்லோரும் வெற்றிலை போட்டவர்கள் போல இருப்பார்கள். அக்காலத்து ஸ்ரூடியோக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் நினைப்பதுண்டு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வித்தியாசம் பொருளில் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் முகமாகத் தெரிவது உண்மையான வெள்ளி. நகைக்கடையில் காணும் அதே உலோகம்தான், மிக நுண்ணிய துகளாக இருப்பதால் கறுப்பாகத் தெரிகிறது. வெளிச்சம் பட்டால் கறுக்கும் வெள்ளி உப்பைக் கடதாசியில் பூசி, மருந்தில் கழுவி அந்தப் படத்தைப் பெற்றார்கள். கலர்ப் படத்தில் வெள்ளியைக் கழுவி நீக்கிவிடுவார்கள். மிஞ்சுவது மூன்று சாயங்கள். பழைய கலர்ப் படங்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மெல்ல மெல்ல மங்கிவிடும். அது போனதும் சிவப்புத்தான் முன்னுக்கு நிற்கும். வெயிலில் தொங்கவிட்டால் மற்றச் சாயங்களும் போகும்.

வெள்ளியும் சாயமும் கடதாசியில் ஒட்டி நிற்பதற்கு ஜெலற்றின் என்ற ஒரு பசை பூசப்பட்டிருக்கும். மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. இதை அறிந்தால் எமது படங்களுக்கு வரும் வருத்தங்கள் பல விளங்கும். ஜெலற்றின் தண்ணீரைக் குடித்து ஊதும். ஊதியபடி இன்னொரு படத்தோடு சேர்ந்து காய்ந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சணம் அதைத் தின்னும், இராமபாணப் பூச்சியும் தின்னும். மழைக்காலத்தில் றங்குப் பெட்டிக்குள் வைத்த படங்களில் வெள்ளைப் புள்ளி விழுவதும், கண்ணாடிச் சட்டத்தில் படம் ஒட்டிக் கிடப்பதும் இதனால்தான்.

இந்த விஞ்ஞானம் எமது நாட்டுக்கு வந்து மிகக் காலமாகிறது. பிரான்சில் டாகர் என்பவர் தமது முறையை 1839 இல் உலகுக்கு அறிவித்தார். அதன்பின் வந்தவர்களுள் மிகப் பெயர் பெற்ற ஒரு பெண், ஜூலியா மார்கிரெட் கமரூன். அவருக்கு 48 வயதாக இருக்கும்போது மகள் ஒரு கமரா பரிசாகக் கொடுத்தார். அந்த வயதில்தான் அவர் இத்தொழிலைத் தொடங்கினார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படம் எடுத்து, காயுமுன் கழுவ வேண்டும். மருந்து பட்டுக் கையும் உடுப்பும் கறுத்துப்போகும். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தபடியால் 1875 இல் இலங்கைக்கு வந்தார். 1879 இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவையில் தேவாலயத்தின் பக்கத்தில் அவரது கல்லறை இருக்கிறது.

இக்கதையில் எனக்கு இரண்டு விடயங்கள் முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, 48 வயதில் ஒரு பெண் புதிய கருவி ஒன்றைப் பழகி உலகப் பெயர் எடுத்தது. இன்று எங்களில் 45 வயது கடந்தவர்கள் கைத்தொலைபேசியைப் பிள்ளையிடம் நீட்டி, இது எங்களுக்கு விளங்காது, நீயே பார் என்று சொல்லிவிடுகிறோம். இரண்டாவது, கமரூன் அம்மையார் இங்கிலாந்தில் எடுத்த பெரிய மனிதர்களின் படங்களுக்குப் பெயர்கள் உண்டு. இலங்கையில் எடுத்த படங்களில் ஒன்றின் தலைப்பு களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்ற கருத்தில் மட்டும் நிற்கிறது. அதில் நிற்பவர்கள் யார், யாருடைய மகள், எந்த ஊர் என்று அந்தத் தலைப்பு சொல்லவில்லை. முகம் 150 வருடமாக இருக்கிறது, பெயரோ கூட வரவில்லை. இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

தொழில்நுட்பம் பெண்களுக்கு வராது என்பதை எங்கள் அனுபவமே பொய்யாக்கியது. 1990 இல் போர் மீண்டும் தொடங்கிய பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல வருடங்கள் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அந்நாட்களில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோவில் செய்தி கேட்டோம். சுருளாகச் சுற்றிய கம்பிக்குப் பக்கத்தில் காந்தம் சுழன்றால் மின் பிறக்கும் என்று பரடே என்ற விஞ்ஞானி 1831 இல் காட்டினார். அது தெரியாமலே எங்கள் வீட்டுப் பெண்கள் அதைச் செய்து காட்டினார்கள். ஜாம் போத்தலில் பஞ்சு போட்டுக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் ஒரு தலைமுறையே சோதனைக்குப் படித்தது. இவ்வளவும் செய்த கைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி பெரிய காரியமா?

றோல் போட்டுப் படம் எடுத்த காலத்தில் ஒரு றோலில் 36 படம். ஒவ்வொன்றும் காசு. எடுத்தால் கழுவவும் வேண்டும், அதற்கும் காசு. அதனால் ஒருவரை நிறுத்தி, சட்டையைச் சரிசெய்து, மூச்சை அடக்கச் சொல்லி எடுத்தார்கள். கமராவுக்குள் றோல் இல்லாமல் படம் பிடிக்கலாம் என்று 1975 இல் கொடாக் கம்பனியில் வேலை செய்த ஸ்டீவன் சாசன் என்ற பொறியியலாளர் செய்து காட்டினார். அக்கருவியில் ஒரு படம் 10,000 புள்ளிகளால் ஆனது. அதை ஒரு கசற் நாடாவில் பதிய 23 செக்கன் எடுத்தது. இன்று சாதாரண கைத்தொலைபேசிப் படம் ஒன்றில் கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. அதே கொடாக் கம்பனி, புதிய முறை பரவியதும் பழைய வியாபாரம் விழுந்து, 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது.

எங்களுக்கு இதில் இலாபமும் உண்டு, நட்டமும் உண்டு. படம் எடுப்பது மலிந்துவிட்டது. ஆனால் எடுக்கும் படம் ஒன்றும் கடதாசியாவதில்லை. ஆயிரக்கணக்கில் தொலைபேசிக்குள் கிடக்கும். அது கிணற்றில் விழுந்தாலோ, களவு போனாலோ, பிள்ளை உடைத்தாலோ எல்லாம் ஒன்றாகப் போய்விடும். முந்தி அல்பம் தொலைய ஒரு போர் வர வேண்டியிருந்தது. இப்போது பஸ்சில் ஒரு தவறவிடல் போதும்.

செலவைப் பற்றிப் பேசும்போது கைத்தொலைபேசியின் விலையையும் சொல்ல வேண்டும். 2022 இன் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. சில மாதங்களுக்குள் 360 வரை போனது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருள் எல்லாம் அதற்கேற்ப ஏறியது. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடம் தொலைபேசியில் வந்தபோது கடன்பட்டேனும் ஒன்று வாங்க வேண்டி வந்தது. அதை நான் பிழை சொல்லமாட்டேன். ஆனால் நன்றாக வேலை செய்யும் தொலைபேசி ஒன்று இருக்கும்போது, கமரா இன்னும் நல்லதென்று விளம்பரம் சொல்வதை நம்பித் தவணைக்கு மற்றொன்று எடுப்பது வேறு விடயம். புள்ளிகளின் எண்ணிக்கை கூடினால் படம் நல்லதாகிவிடாது. வெளிச்சம் முகத்தில் விழுகிறதா, கை ஆடவில்லையா, கமராவின் கண்ணாடி துடைக்கப்பட்டிருக்கிறதா என்பவைதான் முக்கியம். சட்டைத் தலைப்பால் அந்தச் சின்னக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, முகத்தை யன்னல் பக்கம் திருப்பி எடுத்துப் பாருங்கள். காசில்லாமல் கிடைக்கும் வித்தியாசம் தெரியும்.

இனி மிக முக்கியமான படங்களுக்கு வருகிறேன். எங்களில் பலருடைய வீட்டில் காணாமற்போன ஒருவரின் படம் இருக்கிறது. என் அண்ணாவின் படம் என்று எங்களிடம் இருப்பது ஒன்றுதான். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் எடுத்த கூட்டுப் படம். அதில் அவர் பின் வரிசையில் நிற்கிறார். முகம் ஒரு பயற்றங்காய் விதை அளவு இருக்கும். அந்த முகத்தைப் பெருப்பித்துத்தான் ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் அம்மா கொண்டுபோனார்.

படத்தை நெஞ்சில் பிடித்து நீதி கேட்பது எங்களோடு தொடங்கியது அல்ல. ஆர்ஜென்டீனாவில் 1977 ஏப்ரில் 30 ஆம் திகதி பதினான்கு தாய்மார் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் உள்ள மே சதுக்கத்தில் கூடினார்கள். பின்னர் பிள்ளைகளின் படங்களைக் கழுத்தில் தொங்கவிட்டும் தடியில் உயர்த்தியும் நடந்தார்கள். அவற்றில் பல, அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய படங்களைப் பெருப்பித்தவை. எங்கள் நாட்டில் 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானது. 1990 இல் தெற்கிலும் அதே பெயரில் சிங்களத் தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்காகத் திரண்டனர். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டம் ஆயிரம் நாட்களைத் தாண்டியும் தொடர்ந்தது. விடை காணாமலே அங்கிருந்த பெற்றோர் பலர் கண்ணை மூடிவிட்டார்கள். அவர்கள் போன பின்னும் அந்த முகங்களை எடுத்துக் காட்டுவதற்கு மிஞ்சியிருப்பது படம்தான். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016 இன் சட்டத்தால் அமைக்கப்பட்டு 2018 இல் வேலை தொடங்கியது. அதன் மீது எமக்கு நம்பிக்கை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எந்தக் கதவைத் தட்டினாலும் படம் தேவை என்பதில் மாற்றமில்லை.

அதனால் சொல்கிறேன், மூலப்படத்தை வெளியே கொண்டுபோகாதீர்கள். வெயிலில் பிடித்து நிற்பதற்கும் அலுவலகத்தில் கொடுப்பதற்கும் பிரதி போதும். கொடுத்த படம் கோவைக்குள் போய்விடும், திரும்பி வருவது அரிது. ஒரு அலுவலகத்தில் என் அம்மாவிடம் மூலப்படத்தைக் கேட்டார்கள். பிரதியைத்தான் தருவேன் என்று சொன்னதற்குச் சத்தம் போட்டார்கள். அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில் பிரதியை எடுத்தார்கள். படிக்காத மனிசி என்று அவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

மூலப்படத்தை லமினேற் செய்வதும் நல்லதல்ல. சூட்டினால் உருகும் பசை படத்தோடு ஒட்டிவிடும், பின்னர் பிரிக்க முடியாது. உள்ளே ஈரம் இருந்தால் அதுவும் சேர்ந்து அடைபட்டுவிடும். லமினேற் தேவையென்றால் பிரதிக்குச் செய்யுங்கள்.

பிரதி எடுக்க ஸ்கானர் வேண்டும் என்றில்லை. கைத்தொலைபேசியால் செய்யலாம். வீட்டு விறாந்தையில் நிழல் வெளிச்சமாக உள்ள இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் படத்தை வையுங்கள். பிளாஷ் வேண்டாம், அது படத்தின் மேல் வெள்ளையாக விழும். தொலைபேசியைச் சரிக்காமல் நேர் மேலே பிடியுங்கள். நாலைந்து தரம் எடுத்து, பெருப்பித்துப் பார்த்து, கண் இமை தெரியும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தை இழுக்கவே வேண்டாம். முகத்தின் பாதி கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலாகவே, ஒளி தெறிக்காத பக்கம் பார்த்து எடுங்கள்.

எடுத்ததை ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டாம். மூன்று இடம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்கள் தொலைபேசியில், ஒன்று கடதாசியில், ஒன்று வேறு ஊரிலுள்ள ஒரு நம்பிக்கையான உறவினரிடம். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குறையும். ஆவணமாக அனுப்பினால் முழுதாகப் போகும். கூகிள் கணக்கு உள்ளவர்களுக்கு 15 ஜிகாபைற் இடம் இலவசமாகக் கிடைக்கிறது, சில நூறு பழைய படங்களுக்கு அது தாராளம். கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். மெமரிக் கார்ட்டையோ சீடியையோ மட்டும் நம்பியிருக்கக் கூடாது. இரண்டும் காலம் போகப் பழுதாகக்கூடியவை.

கடதாசிப் பிரதியை வீட்டு மைப் பிறின்ரரில் அல்லாமல் ஸ்ரூடியோவில் போட்டோக் கடதாசியில் எடுத்தால் ஈரத்தில் மை கலையாது. அதற்கும் வசதியில்லையா? ஒரு கறுப்பு போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். அதிலுள்ள கறுப்புப் பொடி பெரும்பாலும் கரியும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்தது. அது வெயிலில் சாயம்போல மங்காது. ஆனால் மலிவான பிளாஸ்ரிக் உறையில் போட்டால் எழுத்தெல்லாம் உறையில் ஒட்டிக்கொள்ளும், கடதாசி உறையே நல்லது.

வெள்ளத்தில் படங்கள் நனைந்தால் பதறி அடுக்கடுக்காகக் காயவிடக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். சேறு இருந்தால் நல்ல குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். முகத்தில் விரல் படாமல் ஓரத்தில் பிடித்து, படம் மேலே பார்க்கும்படி நிழலில் துணியில் பரப்புங்கள். வெயில் வேண்டாம், இஸ்திரிக்கைப் பெட்டியும் வேண்டாம்.

அண்மைக் காலத்தில் இன்னொரு புதிய சங்கதி வந்திருக்கிறது. மங்கிய படத்தைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு என்ற கணினி முறையால் தெளிவாக்கி, நிறமும் கொடுத்துத் தருகிறார்கள். பார்க்க மிக அழகாக இருக்கும். எங்கள் அயலில் ஒரு பெண் தன் கணவரின் படத்தை அப்படிச் செய்வித்தார். பளிச்சென்று ஒரு முகம் வந்தது. அவர் பார்த்துவிட்டு, இது ஆரோ, எங்கட ஆள் இல்லை என்றார். அவர் சொன்னதுதான் சரி. மங்கிய இடத்தில் என்ன இருந்தது என்று அந்தக் கணினிக்குத் தெரியாது. தான் முன்னர் படித்த எத்தனையோ முகங்களைக் கொண்டு, இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது. கன்னத்து மச்சம் போய்விடலாம், நெற்றித் தழும்பு மறைந்துவிடலாம். ஆளை அடையாளம் காட்டுவதே அந்த மச்சமும் தழும்பும்தான். சுவரில் மாட்டி மனம் ஆற விரும்பினால் செய்யுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் முறைப்பாட்டுக்கும் விசாரணைக்கும் மங்கலாக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி காட்டும் படத்தையே கொடுங்கள்.

முகநூலில் அவ்வாறான படங்களைப் போடுவோரும் கவனிக்க வேண்டும். பெயர், ஊர், தொலைபேசி இலக்கம் எல்லாம் சேர்த்துப் போட்டால், உங்கள் மகனை ஒரு முகாமில் கண்டேன், இவ்வளவு காசு அனுப்புங்கள் என்று அழைப்பவர்களும் வருவார்கள். தாயின் ஏக்கத்தை முதலாக்கி உழைக்கும் மனிதர் இவர்கள். அப்படி அழைப்பு வந்தால் தனியே முடிவெடுக்காமல் உங்கள் சங்கத்திலோ, நம்பிக்கையான சட்டத்தரணியிடமோ முதலில் பேசுங்கள்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். நாங்கள் எடுத்த படங்களைவிட எங்களை எடுத்த படங்கள் அதிகம். நிவாரணம் வாங்க வரிசையில் நின்றபோது எடுத்தார்கள். கோழிக்குஞ்சு தந்தபோது எடுத்தார்கள். ஒரு பெட்டி உலருணவுக்கு ஏழுபேர் கைபிடித்து நின்று, நடுவில் எங்களைச் சிரிக்கச் சொன்னார்கள். உதவி செய்தவர்களின் நல்ல மனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. கணக்குக் காட்ட அவர்களுக்கும் படம் தேவைப்படலாம். ஆனால் உதவி வாங்குவதால் எங்கள் முகம் அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது. எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே போடுவீர்கள் என்று கேட்பதற்கு எங்களுக்கு உரிமை உண்டு. முகம் தெரியாமல் கையை மட்டும் எடுங்கள் என்று சொல்லலாம், பிள்ளையை எடுக்க வேண்டாம் என்றும் சொல்லலாம். எங்கள் மாதர் சங்கத்தில் ஒருமுறை இப்படிக் கேட்டோம். வந்தவர்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு கமராவை உள்ளே வைத்துவிட்டு எங்களோடு இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். பொருளும் தந்துவிட்டுத்தான் போனார்கள்.

எங்கள் பெண்பிள்ளைகளின் படத்தை எடுத்து மாற்றிப் பயமுறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அப்படி நடந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள். குற்றம் செய்தவன் வேறு ஆள். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்து, பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

கடைசியாகக் கொண்டாட்டச் செலவு. சாமத்தியவீடு, கலியாணம், பிறந்தநாள் என்று எதை எடுத்தாலும் இன்று சாப்பாட்டுச் செலவுக்குக் கிட்டப் படச் செலவும் நிற்கிறது. முதல்நாள் கடற்கரையில் ஒரு படப்பிடிப்பு, வானத்தில் பறக்கும் கமரா, தூக்க முடியாத பாரத்தில் ஒரு அல்பம். வெளிநாட்டில் இருக்கும் உறவு செலவழித்தால் அது அவர்கள் பாடு. ஆனால் கூலிவேலை செய்யும் தாய் அதற்காகக் கடன் எடுப்பதைக் காணும்போது நெஞ்சு பதறுகிறது. ஒரு பேச்சுக்கு 100,000 ரூபாவை மாதம் 3 வீத வட்டிக்கு எடுத்ததாக வைப்போம். மாதம் 3,000 ரூபா வட்டி. ஒரு வருடத்தில் 36,000 ரூபா கட்டிய பின்னும் முதல் அப்படியே நிற்கும். அந்த அல்பத்தைப் பிள்ளை எத்தனை முறை திறந்து பார்ப்பாள்? அயலில் நன்றாகப் படமெடுக்கத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் சொல்லி எடுப்பித்து, அதில் நல்லதாக இருபது படத்தைக் கடதாசியில் போட்டால் போதும். மிச்சக் காசு அவளுடைய படிப்புக்கு உதவும்.

இந்த நுணுக்கங்களை எங்கள் பெண்பிள்ளைகள் தொழிலாகவும் பழகலாம். பழைய படங்களைப் பிரதி செய்து கொடுப்பதும், அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் மூதாட்டிமாரை ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் ஒவ்வொரு ஊரிலும் தேவையான வேலைகள். சங்கத்தில் ஒரு நாளைக் குறித்து, எல்லோரும் தங்கள் பழைய படங்களோடு வந்து, இரண்டு இளம்பிள்ளைகளைக் கொண்டு பிரதி எடுப்பிக்கலாம். செலவு தேத்தண்ணிக் காசுதான்.

அப்போது ஒரு காரியத்தை மறவாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதுங்கள். யார், யாருடைய பிள்ளை, எந்த ஊர், எந்த வருடம். பேனை மை முன்பக்கம் ஊறும், பென்சில் ஊறாது. எங்களுக்குத் தெரியும்தானே என்று விட்டால், எங்களுக்குப் பின் அந்த முகம் பெயரில்லாத முகமாகிவிடும்.

உங்களையும் ஒரு படம் எடுப்பியுங்கள். எங்களில் எத்தனையோ தாய்மாருக்கு அடையாள அட்டையில் இருப்பதைத் தவிர வேறு படமே கிடையாது. எப்போதும் மற்றவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டோம். நல்ல சீலை தேவையில்லை. பின்னேரம் வெயில் தாழ, கிணற்றடியிலோ கோழிக்கூட்டடியிலோ உங்கள் சொந்த வேலை ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது மகளை எடுக்கச் சொல்லுங்கள். அதன் பின்னாலும் உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.